ரெக்ஸ் வீட்டு வான்கோழி

பிரிஸ்பேன்
நவம்பர், வியாழக்கிழமை

அன்பு மகள் டீகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நோய்நொடி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த அபர்டீன் குளிரில் சளி இருமல் இல்லாமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தால் எங்களுக்கு அது போதும். அம்மாவின் முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை, வாரத்தில் இரண்டு நாள் கிளப்புக்குப் போய்ப் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடுகிறாள், உருட்டுவதைவிட உட்கார்ந்து வம்பளப்பதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். சாயங்காலமானால் தினமும் இடியும் மின்னலும்தான், போன வாரம் ஆலங்கட்டி பெய்து நம் கார் கூரை அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. இப்படி எழுதிக்கொண்டே வரும்போதுதான் நினைத்தேன், இதெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆலங்கட்டியை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து ரெக்ஸ் முகநூலில் போட்டிருப்பான், நீயும் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருப்பாய்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ரெக்ஸ் மேல் எனக்கு வயிற்றெரிச்சல். பக்கத்து வீட்டுக்காரன், நல்லவன், நம் ஏணியை இரவல் வாங்கினால் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறவன், அதெல்லாம் சரி. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சும்மா இருக்க முடியாமல் நம் பேட்டைக்காரர்களுக்கென்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினான் பார், அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. வானத்தில் ஹெலிகாப்டர் சுற்றினால் எதற்கு என்று அவன்தான் சொல்ல வேண்டும். யார் வீட்டு ஆமை காணாமல் போனது, ஓடைப் பாலத்தை எப்போது மூடுகிறார்கள், குப்பை வண்டிக்காகப் பழைய சாமான்களை வாசலில் எடுத்து வைக்கும் வாரம் எது, எல்லாவற்றுக்கும் முந்திரிக்கொட்டை மாதிரி அவன் வந்து நிற்பான். இந்தச் செய்தியெல்லாம் ஒரு காலத்தில் என் கையில் இருந்தது. ரொட்டிக் கடை வரிசையில் நின்று, பஸ் நிறுத்தத்தில் நின்று, சலூன்காரன் வீட்டோவிடம் உட்கார்ந்து, வாரம் முழுக்கச் சேர்த்து வைத்துக்கொள்வேன், ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம் என்று. எனக்கு வேறு ஒன்றும் பேச வராது. செய்தி தீர்ந்துவிட்டால், இதோ அம்மாகிட்ட குடுக்கிறேன் என்று போனை நீட்டிவிடுகிறவன் நான். செய்தி இருக்கும் வரைக்கும்தான் போன் என் காதில் இருக்கும், நீயும் இருப்பாய்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைப் பாலத்தைப் பற்றி ஆரம்பித்தேன், "தெரியும்ப்பா, ரெக்ஸ் போட்டிருந்தாரே" என்றாய். சரி போகட்டும் என்று ரொட்டிக் கடை கைமாறப் போகிறது என்றேன். "அதுவும் படிச்சேன்ப்பா, வரப்போறவங்க வியட்நாம்காரங்களாமே" என்று எனக்கே தெரியாததை நீ சொன்னாய். நீ பூமிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறாய், நான் நாள் தவறாமல் அந்தக் கடையில் ரொட்டி வாங்குகிறேன். போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றேன். அதற்குப் பிறகு எல்லா வாரமும் அந்தக் கதைதான், நான் வாயைத் திறப்பேன், நீ முடித்து வைப்பாய். அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசுகிறாய், அவள் சிரிக்கிற சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்கிறது. ஒரு தடவை வீம்புக்கென்றே, சாலை முக்கில் எதையோ அளந்துகொண்டிருந்தவர்களிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து, அங்கே சிக்னல் விளக்கு வரப்போகிறது என்று கறந்துகொண்டு வந்தேன். ஞாயிறு வரைக்கும் மூச்சு விடக் கூடாது என்று இருந்தேன். சனிக்கிழமை முடிவெட்டப் போன இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை, சாயங்காலமே ரெக்ஸின் பக்கத்தில் வந்துவிட்டது, தகவல் தந்த வீட்டோவுக்கு நன்றி என்று வேறு. நீ வீட்டோவைப் பாராட்டி எழுதியிருந்தாய்.

இந்த லட்சணத்தில் அந்தப் புதர் வான்கோழி வந்து சேர்ந்தது. காய்கறிப் பாத்திக்கும் லிச்சி மரத்துக்கும் மூடாக்குப் போடுவதற்காகக் கரும்புச் சோகையைக் கட்டுக் கட்டாக வாங்கி முதுகு ஒடியப் பரப்பி வைத்திருந்தேன். அத்தனையையும் அந்தச் சேவல் காலால் பின்னுக்கு விசிறி விசிறி, வேலிக்கு அடியில் தள்ளி, ரெக்ஸ் வீட்டுத் தோட்டத்தில் இடுப்பு உயரத்துக்கு முட்டை பொரிக்கிற மேடு கட்டிவிட்டது. காட்டுப் பறவை என்பதால் மேட்டில் கை வைத்தால் சட்டப்படி குற்றம், அதனால் போனது போனதுதான். சோகை என்னுடையது, பெயர் ரெக்ஸுக்கு. தினம் ஒரு படம் போடுவான். சேவல் மூக்கை மேட்டுக்குள் விட்டுச் சூடு பார்க்கிறதாம், சூடு ஏறினால் சோகையைத் தள்ளுமாம், குறைந்தால் அள்ளிப் போடுமாம், மாதக்கணக்கில் இப்படிக் காவல் காத்த பிறகு குஞ்சு தானே முட்டி மோதி வெளியே வந்து அப்பனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுமாம். நீ அதற்கும் இதயம் போட்டிருந்தாய். அப்புறம் பெயர் வைக்கும் போட்டி. அடுத்தவன் பொருளை வாரித் தன் வீடு கட்டுகிறவனுக்குக் கவுன்சிலர் என்று பெயர் வைத்தால் என்ன என்று நீ எழுதியிருந்தாய், அதுதான் ஜெயித்தது, படித்துவிட்டு நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. கீழேயே ரெக்ஸ், இந்தப் பெண்ணின் கிண்டல் அச்சு அசல் அவள் அம்மா ரோஸ்லின் என்று எழுதியிருந்தான். உன் அம்மா தன் வாழ்நாளில் ஒரு ஜோக்கை முழுதாகச் சொல்லி முடித்தது கிடையாது. இதை அவளிடமே சொன்னதற்கு, "ஒரு கோழிமேல கூடவா கிழவா உனக்குப் பொறாமை?" என்று கேட்டாள். கோழிமேல் இல்லை என்றேன், அவள் நம்பவில்லை.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் வர வேண்டும் இல்லையா. போன வாரம் ஒரு காலையில் ரெக்ஸும் அவன் மனைவியும் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தார்கள். அவன் தோட்டத்துக்குள், மேட்டுக்கு வெகு தள்ளி, வேலி ஓரமாக, கோழி இழுத்துப் போன வழியில் என் சோகை சிந்திக் கிடந்தது. தள்ளுவண்டியையும் வாருகோலையும் கொண்டுபோய் அள்ளிவிட்டேன். மேட்டை நான் தொடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கோழியைப் படம் பிடிக்க அவன் மரத்தில் கேமரா கட்டி வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும். மத்தியானத்துக்குள் நான் பேட்டையின் முகநூல் பக்கத்தில் படமாக ஓடிக்கொண்டிருந்தேன், முகம் தெரியவில்லை, முதுகும் தொப்பியும் அரைக்கால் சட்டையும்தான். கவுன்சிலர் வீட்டில் கை வைத்த இந்த ஆளை யாருக்காவது தெரியுமா என்று ரெக்ஸ் கேட்டிருந்தான். ஊரே திரண்டுவிட்டது. கஞ்சாக் கிராக்கி என்று ஒருத்தி. நம் பேட்டை ஆள் இல்லை, ஆற்றுக்குத் தெற்கேயிருந்து வந்தவனாகத்தான் இருக்கும் என்று ஒருவன். வனவிலங்கு அதிகாரிகளிடம் சொல்லி உள்ளே தள்ள வேண்டும் என்று ஒரு கூட்டம். வாருகோல் பிடிக்கிற அழகைப் பார்த்தால் தோட்டம் போட்டே பழக்கமில்லாதவன் என்று வீட்டோ எழுதியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து கோவிச்சுக்கிட்டுப் போற இந்த முதுகைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? போய் ஒத்துக்க" என்றாள். கொஞ்சம் ஆறட்டும் என்றேன். சாயங்காலம் ரெக்ஸே வேலியோரம் வந்து, "மாப்ளே, நீ வீட்லயே இருக்கிற ஆளு, ஒரு கண்ணு வச்சுக்க" என்று கேட்டுக்கொண்டான். வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

ஊரெல்லாம் எழுதியது, நீ மட்டும் எழுதவில்லை. உன் அம்மாவின் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆமை காணாமல் போனதற்கெல்லாம் வருத்தம் தெரிவிக்கிறவள் இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் என்னை அடையாளம் கண்டுகொண்டாய் என்றுதானே அர்த்தம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது கூப்பிடுவாள், சிரிப்பாளோ திட்டுவாளோ, எப்படியும் ரெக்ஸுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. மறுநாள் பார்த்தால் அந்தப் படமே பக்கத்தில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பேசியபோதும் நீ அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை, போன் வழக்கம்போலக் கைமாறியது.

நேற்று ரெக்ஸ் புதிதாக இரண்டு கட்டு சோகை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்து நம் வாசல் படியில் போட்டான். "உன்னோடதுன்னு வாயத் திறந்து சொல்லியிருந்தா நானே அள்ளிக் குடுத்திருப்பேனே மாப்ளே" என்றான். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "டீகன்தான். அது எங்கப்பா, படத்தை எடுத்துடுங்க, நான் எழுதினேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டா" என்றான். சொல்லாதே என்றதைத்தான் முதலில் சொன்னான், அவன் வாயில் எது நின்றிருக்கிறது. நீளமாக எழுதியிருந்தாயாம். என்னைக் காப்பாற்றுவதற்குக்கூட நீ அவனுக்குத்தான் எழுதினாய். என் மூஞ்சி போன போக்கைப் பார்த்துவிட்டு அவன் போகாமல் ஒரு பீர் கேட்டு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். "அந்தப் பொண்ணு என் முகநூல் பக்கத்துல எதுக்குச் சேர்ந்தான்னு நெனக்கிற? என் மூஞ்சிக்காகவா? அவ எழுதினதக் கேளு, எங்கப்பா போன்ல ஊர்க்கதை மட்டும்தான் பேசுவாரு, எனக்கு அதுல தலையும் புரியல வாலும் புரியல, ம் ம்னு கேட்டுக்கிட்டிருந்தா அவரும் அம்மாகிட்ட குடுத்துடுறாரு, எல்லாத்தையும் படிச்சு வச்சுக்கிட்டா கூடக் கொஞ்ச நேரம் பேசுவாரோன்னுதான் சேர்ந்தேன், ஆனா இப்ப முன்னைவிடச் சீக்கிரமா வச்சுடுறாரு, என்ன தப்புப் பண்றேன்னு தெரியலன்னு எழுதியிருக்கா" என்றான். பிறகு பீரைக் குடித்து முடித்துவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

டீகன், நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. நீ பேச்சை வளர்ப்பதற்காகச் சொன்னதையெல்லாம் என் வாயை அடைப்பதற்காகச் சொன்னாய் என்று எடுத்துக்கொண்டேன். அதற்காக ரெக்ஸ் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் பொய். என் மகள் எனக்காகத் தவித்ததைக்கூட நான் அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது, அதுவும் என் படியில் உட்கார்ந்து என் பீரைக் குடித்துக்கொண்டிருந்தவன் வாயால். போனில் பேசினால் பாதியில் உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், முகநூலில் எழுதினால் ஊர் படிக்கும், அதனால்தான் தாளை எடுத்தேன். படத்தில் இருந்தது நான்தான் என்று ரெக்ஸின் பக்கத்தில் எழுதிவிடச் சொல்லி உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் அதை எத்தனை விதமாக ஜோடித்து எழுதுவாளோ தெரியாது.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஆஸ்பத்திரியில் அடுத்தவர்கள் முறையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யாதே. மறக்காமல் ஒன்று செய். நம் பேட்டையைப் பற்றி உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, உன் பேட்டையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, நான் ஒரு நாளும் கேட்டதில்லை. உன் தெருவில் யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்தக் கடையை மூடப் போகிறார்கள், மேல்மாடிக்காரன் எப்படிப்பட்டவன், வேலை முடிந்து வந்து நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், தனியாகவா, எல்லாவற்றையும் எழுது. ரெக்ஸுக்கு வேண்டாம். அம்மாவுக்குக்கூட அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
நெவில்