சாரம் வீட்டு மாடித்தளம்

துபாய்
12.3.2006

அன்புள்ள கார்குழலிக்கு,

நான் சுகம். நீயும் அபியும் எப்படி இருக்கீங்க? அம்மாவோட முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் இங்க சைட்டுல ஒரு தளம் தரமில்லன்னு எழுதிட்டேன், உடைச்சாங்க. உடைக்கறப்ப சில்லு தெறிச்சு நெத்தியில சின்னக் கட்டு. பயப்படாத.

நம்ம ஊர் சாரத்துல, வீட்டு மாடிக்கு கான்கிரீட் போட்டு நீ எடுத்த போட்டோ கிடைச்சுது. போன்ல நீ பாடுறது பூரா மேஸ்திரி கலைவாணன் புராணம்தான். ஜல்லியைக் கழுவ வெச்சாராம், கம்பி கட்டுனதை மறுபடி பார்த்தாராம், இப்ப தளம் இறுகப் பாத்தி கட்டித் தண்ணி தேக்கி வெச்சிட்டு, காலையிலயும் சாயங்காலமும் வந்து பார்க்கிறாராம். ஊரான் கட்டடத்துல குத்தம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். போட்டோவுல நம்ம தளத்தை லென்ஸ் வெச்சுப் பார்த்தேன், ஒண்ணும் கிடைக்கல. அதுதான் வயித்தெரிச்சல்.

இனிமே தண்ணியை நீயே ஊத்து. அவருக்கு டீ போட்டுக் குடுத்தது போதும். ஊர்லேர்ந்து யாராவது இங்க வந்தா மிளகாத்தூளும் என் பழைய லுங்கியும் குடுத்தனுப்பு.

வேன் வந்துடுச்சி, கிளம்புறேன். அடுத்த போட்டோவை அபியை எடுக்கச் சொல்லிட்டு, மாடியில நீ நில்லு. இதுல மேஸ்திரிதான் உன்னைப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு.

உன்
கமலக்கண்ணன்