மியூசியத்தில் ஒரு பிரதட்சிணம்

திருவனந்தபுரம்,
செவ்வாய் மாலை

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் குரல் உடைந்துவிடும். அதனால்தான் மெயில். படித்ததும் கூப்பிட வேண்டாம்.

என் கட்டியின் பரிசோதனை முடிவு மாலையில்தான் என்றதால் பகல் முழுவதும் மியூசியத்தில் இருந்தேன். ஓவியம், தந்தவேலை என்று ஒரு பெயர்ப்பலகை விடாமல் படித்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. வெண்கலச் சிலைகளின் அறையில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முடிவை நாளைக் காலை டாக்டரே நேரில் சொல்வாராம். "வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றாள் போனில் பேசிய பெண், மிகவும் மென்மையாக. அந்த மென்மைதான் என்னைப் பயமுறுத்தியது.

அதன்பிறகு என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. காவலுக்கு இருந்த பெண் அருகில் வந்து, "இது எத்தனாவது சுத்து, சேச்சி? இவிடே தீபாராதனை ஒண்ணும் கிடையாது, கேட்டோ. அம்மைக்கு இப்போ சர்க்கார் உத்தியோகம்" என்று சிரித்தாள்.

பார்வதி சிலையை நான் வலம் வந்துகொண்டிருந்தேன். கைகள் கூப்பியிருந்தன. உங்களைக் கோயிலுக்குள் அனுப்பிவிட்டுக் காரில் பேப்பர் படிக்கிறவள் நான்.

"வேலைப்பாட்டைப் பார்க்கிறேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இருங்க சேச்சி. கூட ஆரும் வரல்லியா?"

ஒரு காகிதம் வாங்க இரண்டு பேர் எதற்கு, லீவு போடாதீர்கள் என்று உங்களைத் தடுத்தது நான்தான். ஆனால் அவளிடம், "வருவார்" என்று சொல்லிவிட்டேன்.

காலை முதல் வண்டியில் வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி