வாலு தூங்கும் நேரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

அப்பாவின் போனுக்கு ரிசார்ட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் வீட்டுச் செல்லத்துக்கு ஏழு வயது. இந்த முறை பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறலாம். காத்திருக்கிறோம்.’

அப்பா அதை அழிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழுதுபார்க்க வந்திருந்த வாஷிங் மெஷினின் மோட்டாரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

என் தம்பிக்கு ஐந்து வயது. அதற்கு மேல் ஆகவே ஆகாது. இதை அந்தக் கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?

பிப்ரவரி 5, வியாழன்

வருடம் ஒரு முறை அந்தத் தீம் பார்க். வேறு எங்கும் போனதில்லை. உள்ளேயே தங்கும் அறைகள் உண்டு. எங்களைப் போன்றவர்கள் அங்கே தங்க வேண்டுமானால் மூளையைக் கசக்க வேண்டும். கசக்குவது என் வேலை.

எல்லாப் பள்ளிகளும் நடக்கும் நாட்களில், வாரத்தின் நடுவில் போக வேண்டும். பம்பு அறையை ஒட்டிய பின்பக்க அறையைக் கேட்க வேண்டும். அந்த உறுமலுக்காகவே வாடகையில் தள்ளுபடி. காலை உணவு இலவசம் என்பதால் தாமதமாகப் போய் வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். மதியத்துக்கு ரொட்டியும் பழமும் பையிலேயே இருக்கும். உள்ளே வாங்கினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சித்தி போனில் சிரித்தாள். போன இடத்துக்கே போவதற்கு ஒரு திட்டமா என்று கேட்டாள். அம்மா சொன்ன பதில்: “கழுதை கெட்டா குட்டிச்சுவரு. நாங்க கெட்டா தீம் பார்க்கு.”

முன்பெல்லாம் இதற்கு அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

திட்டம் தயார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பால் எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். ‘மதியம் - அறைக்குத் திரும்புதல். வாலு தூக்கம்.’

என் கையெழுத்துதான். எப்போது எழுதினேன்?

வாலு என்றால் தம்பி. அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மதியம் தூங்காவிட்டால் மாலையில் எங்கள் உயிரை எடுத்துவிடுவான். அதனால் எவ்வளவு நல்ல சவாரி காத்திருந்தாலும் மதியம் எல்லோரும் அறைக்குத் திரும்புவோம். பம்பு உறுமும். “பூதம் கொறட்டை விடுதுக்கா” என்பான். பிறகு பூதத்தோடு அவனும் தூங்கிவிடுவான்.

அவன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு போன வருடம் நாங்கள் மூன்று பேரும் போனோம். மதியம் ஆனதும் யாரும் சொல்லாமலே அறைக்குத் திரும்பினோம். திரையை இழுத்துவிட்டோம். குசுகுசுவென்று பேசினோம். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை.

அழிக்க ரப்பரை எடுத்தேன். அழிக்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

பள்ளி விட்டதும் அம்மாவின் கடைக்குப் போனேன். மூக்குக் கண்ணாடிக் கடை. அம்மா உள்ளறையில் லென்ஸை ஃபிரேமில் பொருத்துவாள். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருக்கும்போதுதான் அவளால் முக்கியமான விஷயங்களைப் பேச முடியும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே.

விஷயம் இதுதான். எங்கள் மூன்று வருடக் குடும்ப பாஸ் இந்தப் பயணத்தோடு முடிகிறது. அங்கேயே புதுப்பித்தால் சலுகை உண்டு. குடும்ப பாஸ் என்றால் நாலு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ கொடுக்க வேண்டும். அப்பா நாலு போட்டோ எடுத்து வைத்திருக்கிறாராம்.

“உங்கப்பா லாபம்ங்கறாரு. லாபம்தான், இல்லேங்கல” என்றாள் அம்மா. ஒரு திருகாணியை முறுக்கினாள். “ஆனா அந்தக் கவுன்ட்டர்ல நாலுன்னு அவர் வாயில வந்துச்சுன்னா, இனிமே நான் அங்க வர்றதா இல்ல. உங்க ரெண்டு பேரோடவும் எங்கயும் வர்றதா இல்ல.”

இதை ஏன் என்னிடம் சொன்னாள்? நான் அப்பாவிடம் சொல்ல வேண்டுமா?

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லப் போனேன். ‘மூணு பேருக்கே எடுக்கலாம்ப்பா’ என்று மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். அப்பா சிரித்த முகத்தோடு தாளைக் காட்டினார். மூன்று பேருக்குக் குடும்ப பாஸே கிடையாது. தனித்தனியாக எடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு கூடுதல்.

“நாலா எடுத்தா லாபம் பாப்பா. நீயே போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. தப்பாக இருந்திருந்தால் திருத்தியிருப்பேனே.

இன்னொன்றும் இருக்கிறது, இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். அவர் நாலு என்றபோது எனக்குள் ஒரு மூலை சந்தோஷப்பட்டது.

பிப்ரவரி 24, செவ்வாய்

வகுப்பு ஆசிரியையிடம் விடுப்பு கேட்டேன். பரீட்சை நெருங்கும்போது என்ன ஊர் சுற்றல் என்றார். இப்போதுதான் மலிவு மிஸ் என்றேன். எங்கே என்று கேட்டார், சொன்னேன். “மறுபடியுமா? அங்க என்ன வச்சிருக்கீங்க?”

பதில் தெரியும். விடுப்புக் கடிதத்தை மட்டும் நீட்டினேன்.

மார்ச் 3, செவ்வாய்

ரிசார்ட். அதே பின்பக்க அறை. ஜன்னல் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு சின்ன மங்கல். மூக்கை அழுத்தி ஊதியது போல. வேறு யாரோ ஒரு குழந்தையுடையதாகத்தான் இருக்கும். இத்தனை நாளில் எத்தனை பேர் துடைத்திருப்பார்கள். இருந்தாலும் அம்மா அதன்மேல் திரையை இழுக்கவில்லை.

காலையில் சவாரிகளுக்குப் போனோம். வரிசையே இல்லை, என் திட்டம் பலித்தது. மதியம் ஆனதும் மூன்று பேரின் கால்களும் தாமாக அறைப் பக்கம் திரும்பின.

அம்மா படுத்தாள். நான் புத்தகத்தை விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மேட்ச் பார்த்தார், சத்தம் இல்லாமல். வீட்டிலும் இப்படித்தான். மதியம் எங்கள் டிவி வாயை மட்டும் அசைக்கும். சுவருக்குப் பின்னால் பம்பு உறுமிக்கொண்டிருந்தது.

என் முழங்கை ரிமோட்டில் பட்டுவிட்டது. டிவி திடீரென்று கத்தியது.

“ஏய், சத்தத்தக் குறை. எழுந்துக்கப் போறான்.”

அப்பாதான் சொன்னார். சாதாரணமாக, லேசான எரிச்சலோடு, எப்போதும் சொல்வது போல.

நான் குறைக்கவில்லை. கை வரவில்லை. டிவியில் ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

“எழுந்துக்கட்டுமேங்க.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கட்டில்களையும், சுவரோரத்தில் இருந்த பைகளையும் பார்த்தார். அறையில் வேறு என்ன இருக்கிறது? கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, ஆஸ்பத்திரியில்கூட. மோட்டார் மாட்டிக்கொண்டு சுற்ற முடியாமல் திணறுமே, அப்படி ஒரு சத்தம். அம்மா இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகில் கை வைத்தாள். தூங்க வைக்கும்போது தட்டுவாளே, அதே தட்டு.

டிவியை யாரும் அணைக்கவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை சத்தத்துக்கு அவன் எழுந்து வந்திருக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

கிளம்பும் முன் பாஸ் கவுன்ட்டர். அப்பா சட்டைப் பையில் கை விட்டபோது அம்மா வாசலில் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பை அவள் தோளில் இருந்தது. அப்படியே நடந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அப்பா போட்டோக்களை மேஜையில் வைத்தார். அப்பா. அம்மா. நான். கை மறுபடி பைக்குள் போனது. உள்ளேயே நின்றது. வெறுங்கையாக வெளியே வந்தது.

கவுன்ட்டர் அக்கா நல்லவர். “சார், இன்னொருத்தரைச் சேத்து நாலு பேரா எடுங்க. அதுதான் உங்களுக்கு லாபம்” என்றார். யாராவது சொந்தக்காரரைச் சேர்த்துக்கொள்ளலாம், போட்டோவைப் பிறகு அனுப்பலாம் என்றும் சொன்னார்.

காய்கறிக் கடையில் கறிவேப்பிலைக்காகத் தகராறு செய்கிறவர் என் அப்பா.

“தெரியும்மா” என்றார். “நாங்க மூணு பேருதான்.”

கூடுதல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அம்மா வாசலிலிருந்து திரும்பி வந்தாள். மூன்று அட்டைகளையும் வாங்கி, கண்ணாடி துடைக்கும் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவை புது அட்டைகள், ஓர் அழுக்கும் இல்லை.

பஸ்ஸில் அப்பாவின் சட்டைப் பையில் ஒரு வெள்ளை ஓரம் லேசாகத் தெரிந்தது. நாலாவது போட்டோ அங்கேதான் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. காதில் இன்னும் பம்பு உறுமுகிறது.

மார்ச் 22, ஞாயிறு

அடுத்த வருடத் திட்டத்தை ஆரம்பித்துவிட்டேன். முன்பதிவு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மலிவு. ‘மதியம் - அறைக்குத் திரும்புதல்’ என்று எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்தேன். பிறகு ‘தூக்கம்’ என்று மட்டும் எழுதினேன். அம்மா படித்தாள். தலையசைத்தாள்.

மதியம் சாப்பிட்டதும் அப்பா மேட்ச் பார்க்க உட்கார்ந்தார். ரிமோட்டைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சத்தத்தைக் கூட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக ஸ்கோர் கேட்டார்.

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குறைக்கச் சொல்லவில்லை.