மறதிக்கார ஸ்டீரியோ

மார்ச் 2, சனி

இன்று மகளோடு மூன்று மணி நேரம். பேசியதை எழுதினால் இந்தப் பக்கம் நிறையாது. வண்டியில் ஏறியதும் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டாள். வண்டியிலும் பாட்டு கிடையாது. பழைய ஸ்டீரியோ போன மழைக்காலத்திலேயே உயிரை விட்டுவிட்டது.

"என்ன கேக்குற?" என்றேன்.

"பாட்டுதான்பா."

அதற்குமேல் என்ன கேட்பது? சிக்னலில் நிற்கும்போது அவள் தலை லேசாக ஆடியது. எந்தப் பாட்டுக்கு ஆடுகிறது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது அவள் அம்மா கேட் வரை வந்தாள். பிரிந்து ஐந்து வருடம் ஆகிறது, கத்திக்கொள்வதையெல்லாம் நிறுத்திவிட்டோம். மெதுவாகத்தான் சொன்னாள்: "ஏப்ரல் இருபதோட அவளுக்குப் பதினெட்டு முடியுது. இந்த ஒரு சனி விட்டு ஒரு சனி அதுவரைக்கும்தான். அப்புறம் வர்றதும் வராததும் அவ இஷ்டம். நானும் கட்டாயப்படுத்த மாட்டேன், நீங்களும் கூடாது."

சரி என்றேன்.

அதற்குள் இன்னும் மூன்று சனிக்கிழமைகள். அப்புறம் அவள் வராமல் போனால்?

மார்ச் 3, ஞாயிறு

புது ஸ்டீரியோ வாங்கப் போகிறேன். நானே மாட்டுவேன். அவள் காதில் ஓடுவது என் காதிலும் விழட்டும்.

மார்ச் 6, புதன்

வாங்கிவிட்டேன். வேலை பார்க்கும் துணிக்கடைக்கு எடுத்துப் போனேன், காட்டுவதற்கு. எங்கள் கடையில் துணி வெட்டுகிறவனுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை, அவன் வாய்க்கும் சேர்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்ததும் சிரித்தான். "அண்ணே, பல்பு போனாலே ஆள் வச்சு மாத்துறவரு நீங்க. எதுக்கு இந்த விஷப்பரீட்சை?"

பெட்டிக்குள் இருந்த தாளில் வயர்களின் படம். மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை, ஊதா. இதில் என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது இதுதானே. துணியை நீட்டுவார்கள், அதே நிறத்தில் நூலும் பொத்தானும் எடுத்துக் கொடுப்பேன். சிவப்பு நூலில் மட்டும் முப்பத்தொரு வகை வைத்திருக்கிறோம். ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. வயரில் வருவது ஒரே ஒரு சிவப்பு.

புதன்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிடுவோம். வீட்டுக்கு வந்து என்ன செய்ய? மகள் வீட்டுத் தெருப்பக்கம் போனேன். என் வழி அதுவல்ல. முதல் மாடியில் ஓரத்து ஜன்னல் அவள் அறை. அதற்குக் கீழே மதிலோரமாக வண்டியை நிறுத்திவிட்டு ஆறரையிலிருந்து ஏழு வரை உட்கார்ந்திருந்தேன். கழுத்தை வளைத்துப் பார்த்தால் விளக்கு எரிவது தெரியும். திரைச்சீலை வெளிர் சந்தனம், நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த துணிதான், இன்னும் மாற்றவில்லை.

புதன்தோறும் இதுதான் நடக்கிறது. அவள் முகம்கூடத் தெரியாது. விளக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன். நாற்பத்தொன்பது வயதில் இது என்ன பிழைப்பு?

மார்ச் 10, ஞாயிறு

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தேன். முதலில் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றச் சொல்கிறது தாள். அதற்கே கால் மணி நேரம். பிறகு பழைய ஸ்டீரியோவைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுக்க வேண்டும். அதற்கென்று தனிக் கருவி உண்டாம். என்னிடம் இருந்தது கடை இரும்பு ஸ்கேல். அது வழுக்கி டாஷ்போர்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல்.

ஸ்டீரியோவை உருவியதும் பின்னாலிருந்து வயர்க் கொத்து வந்தது. அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சளோடு மஞ்சள், சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. முறுக்கி, டேப் சுற்றினேன். "இணைக்கும் முன் ஒவ்வொரு வயரிலும் எப்போது மின்சாரம் வருகிறது என்று சோதிக்கவும்" என்று தாளில் ஒரு வரி. சோதிக்கும் விளக்கு என்னிடம் இல்லை. நிறம் கண் முன்னால் இருக்கும்போது சோதனை எதற்கு?

ஒரு ஸ்க்ரூ கைதவறி உள்ளே விழுந்துவிட்டது. இனி வண்டி திரும்பும்போதெல்லாம் உருளும்.

பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினேன். பாடியது! நான்கு கதவிலும் பாடியது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஃபோனை எடுத்து, பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் பெயர் வரை போய்விட்டு வைத்துவிட்டேன்.

மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் பழைய ஸ்டீரியோவைத் திறந்தேன். சிடி போடும் வாய்க்குள் ஐஸ்கிரீம் குச்சிகள். நான்கு! மகளுக்கு அப்போது ஐந்து வயது. உள்ளே ஒரு பூதம் உட்கார்ந்து பாடுகிறது, அதற்குப் பசிக்கும் என்று தின்று முடித்த குச்சியை ஊட்டிவிடுவாள். அன்றோடு சிடி போயிற்று. எவ்வளவு திட்டினேன் அன்றைக்கு.

மார்ச் 11, திங்கள்

கத்தரியிடம் சொன்னேன். "தீ எதுவும் பிடிக்கலையே?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 13, புதன்

காலையில் சரியாக வைத்த கடிகாரம் சாயங்காலம் பன்னிரண்டு காட்டுகிறது. தேடி வைத்த ரேடியோ நிலையங்களும் இல்லை. புதுசு, பழக வேண்டுமோ என்னவோ.

அந்தத் தெருவில் அரை மணி. ரேடியோவை மெதுவாக வைத்துக்கொண்டேன். துணைக்கு ஒரு குரல்.

மார்ச் 16, சனி

ஏறியவுடன் பார்த்துவிட்டாள். "யார் மாட்டினது?"

"நான்தான்."

"கீறலும் நீங்கதானா?"

அவள் ஃபோனை ப்ளூடூத்தில் சேர்த்தாள். நான் எதிர்பார்த்தது ஏதோ தடதடவென்ற பாட்டு. வந்தது ஒரு பெண் குரல், ஒரே ஒரு கிடார், மெதுவாக. இதையா இத்தனை நாள் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்? ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஐஸ்கிரீம் குச்சிக் கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. ஃபோனில் ஏதோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டீரியோ திரையில் அவள் ஃபோனின் பெயர் மாறி, ஆங்கில எழுத்தில் "பூதம்" என்று வந்தது. "இனிமே நான்தான் உள்ள உக்காந்து பாடுறேன்" என்றாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தால் பூதத்தைக் காணோம். கடிகாரத்தில் பன்னிரண்டு. முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. "உங்க ஸ்டீரியோவுக்கு மறதிப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 20, புதன்

அரை மணி. ஜன்னலில் விளக்கு இல்லை. வெளியே போயிருப்பாள். அப்படியும் ஏழு வரை இருந்தேன்.

மார்ச் 30, சனி

மோசமான நாள். ஏறியதும் ஒரு தடவை சேர்த்தாள். அவளுக்குப் பேனா வாங்க நிறுத்தினோம், மறந்துவிட்டது. பெட்ரோல் போட நிறுத்தினோம், மறந்துவிட்டது. மூன்றாவது தடவை "விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு இயர்போனை எடுத்துக்கொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது ஏதாவது பேசியிருப்போம்.

உள்ளே விழுந்த ஸ்க்ரூ வழியெல்லாம் உருண்டது. எனக்கு அது மட்டும்தான் கேட்டது.

இன்னும் ஒரே ஒரு சனி.

ஏப்ரல் 1, திங்கள்

மூக்குடைந்து போய் வயரிங்காரரிடம் காட்டினேன். கார் கரண்டு வேலை மட்டும் செய்கிறவர். ஒரு சின்ன சோதனை விளக்கை வயரில் வைத்தார், சாவியைப் போட்டார், எடுத்தார். ஒரு நிமிடம் ஆகவில்லை.

"கலரைப் பாத்து சேத்தீங்களா சார்?"

"ஆமா."

"அதான். எல்லா வண்டியிலயும் கலர் ஒண்ணுபோல இருக்காது."

அவர் சொன்னது இதுதான். சாவியை எடுத்த பிறகும் ஒரு வயரில் கொஞ்சம் மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஸ்டீரியோ எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். புது ஸ்டீரியோவில் அது மஞ்சள். என் வண்டியில் அந்த மின்சாரம் வருவது சிவப்பில். நான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சாவியை எடுக்கும்போதெல்லாம் அதற்கு மூச்சே நின்று, மறுபடி பிறந்து எழுந்திருக்கிறது.

"இப்பவே மாத்திடவா?" என்றார். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு அந்தச் சோதனை விளக்கை இரவலாகக் கொடுத்தார்.

கண் என்னை ஏமாற்றியதேயில்லை என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கத்தரிக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மறுபடி பிரித்தேன். மஞ்சளைச் சிவப்போடும் சிவப்பை மஞ்சளோடும் சேர்த்தேன். கை கூசியது. ஒவ்வொன்றையும் விளக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் டேப். ஸ்க்ரூவும் கிடைத்தது.

சாவியை எடுத்துவிட்டு மாடிக்குப் போய், டீ போட்டுக் குடித்துவிட்டு, இறங்கி வந்து பார்த்தேன். நான்கு இருபது. என் கைக்கடிகாரத்திலும் நான்கு இருபது.

ஏப்ரல் 10, புதன்

கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. அந்தப் பக்கம் போக முடியவில்லை. ஜன்னல் ஜன்னலாகத்தான் இருந்திருக்கும். இருந்தாலும் என்னவோ விட்டுப்போன மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 13, சனி

கடைசிச் சனி.

அவள் நம்பிக்கையில்லாமல்தான் ஃபோனைச் சேர்த்தாள். ஜூஸ் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பியதும், யாரும் எதையும் தொடாமலே, திரையில் "பூதம்" வந்தது. விட்ட இடத்திலிருந்து பாட்டு. "அட, ஞாபகம் வந்துடுச்சே!" என்றாள். ஃபோன் பக்கத்தில் வந்தாலே போதும், தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொன்னேன்.

கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. இனிமேலும் வருவியா? இரண்டே சொல். இரண்டு சிக்னல், ஒரு பாலம், அவர்கள் தெருமுனை — எல்லா இடத்திலும் வாய் வரை வந்தது. கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாளே. கேட்பதும் ஒருவிதக் கட்டாயம்தானே?

இறங்கும்போது "வரேன்பா" என்றாள். எல்லோரும் சொல்கிறதுதான். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

ஏப்ரல் 17, புதன்

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

ஆறரைக்கு எப்போதும்போல மதிலோரமாக நிறுத்தினேன். ரேடியோ கேட்கலாமென்று சாவியை முழுதாக அணைக்காமல் வைத்திருந்தேன். திடீரென்று ரேடியோ நின்றது. திரையில் "பூதம்". அந்தக் கிடார் பாட்டு, நடுவிலிருந்து, முழுச் சத்தத்தில்! நானே மாட்டிய ஸ்டீரியோவில் சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. மேலே அவள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை அவள் காதிலிருந்து பிடுங்கிக் கீழே தெருவுக்குப் பாடிக்கொண்டிருந்தது என் வண்டி.

இத்தனை நாள் இது நடக்கவில்லை. எப்படி நடக்கும்? வயர் தப்பாக இருந்தவரை அதற்கு அவளை ஞாபகமே இல்லையே. நான்தான் சரிசெய்தேன்.

பாட்டு நின்றது. ஜன்னல் திறந்தது. என் பாக்கெட்டில் ஃபோன் அடித்தது.

"அப்பா, கீழ இருக்கீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா."

"இன்னைக்கு புதன்கிழமை."

"தெரியும்மா."

"எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான்."

"அடிக்கடி வருவீங்களா?"

"புதன்கிழமை மட்டும்."

வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். மகளைத் தெருவில் நின்று வேவு பார்க்கிற அப்பா. ஜன்னலைப் பார்க்க தைரியம் வரவில்லை. வண்டியைக் கிளப்பச் சாவியில் கை வைத்தேன். அப்போது ஸ்டீரியோவில் வேறொரு பாட்டு ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டேன்.

கழுத்தை வளைத்துப் பார்த்தேன். திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு நின்றிருந்தாள், கையில் ஃபோன். கையாட்டவில்லை. சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை. அந்தப் பாட்டு முடிந்ததும் இன்னொன்று போட்டாள். அதற்கப்புறம் இன்னொன்று. மூன்று பாட்டு. பிறகு யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், உள்ளே போய்விட்டாள்.

தெருமுனை திரும்பும்போது "பூதம்" மறைந்து ரேடியோ வந்தது. அழுதேன். எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

ஏப்ரல் 20, சனி

அவளுக்குப் பதினெட்டு. வாழ்த்து அனுப்பினேன். ஒரு பூதப் படமும் "தாங்ஸ்பா"வும் வந்தன. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 24, புதன்

போகலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து இழுபறி. போனால் வெட்கம். போகாவிட்டால், போன வாரம் மாட்டிக்கொண்டதால் நிறுத்திவிட்டேன் என்றல்லவா நினைப்பாள்? கடையில் ஒருவருக்கு நீலத்துக்குப் பதில் ஊதா பொத்தானைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். கத்தரி வாயைப் பிளந்து பார்த்தான்.

கடைசியில் போனேன். மறுபடி தெரு முழுக்கப் பாடி மானத்தை வாங்கக் கூடாதென்று, தெருவுக்குள் நுழையும் முன்பே ஸ்டீரியோவை அணைத்துவிட்டேன். மேலே ஜன்னல் மூடியிருந்தது, விளக்கும் இல்லை. சரி, வெளியே போய்விட்டாள் என்று நினைக்கும்போது பக்கத்துக் கதவு திறந்தது.

"ஏழு நிமிஷம் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். மதிலுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

எங்கே போவதென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சும்மா சுற்றினோம். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியுமாம். "உங்கப்பா கார் மாதிரி ஒண்ணு புதன்கிழமை நிக்குதுன்னு போன வருஷமே சொன்னாங்க. அவருக்கு ஏது அவ்ளோ நேரம்னு நான்தான் நம்பல" என்றாள்.

"எனக்கு நேரத்தைத் தவிர வேற என்ன இருக்கு?" என்றேன். கேட்டுவிட்டு அவள் என் கையை ஒரு தட்டு தட்டினாள்.

தேர்வைப் பற்றிச் சொன்னாள். எந்தப் படிப்பில் சேருவதென்று குழப்பம் என்றாள். தன்னோடு பேசாமலிருக்கும் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். டாஷ்போர்டுக் கீறலை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள். எட்டரை ஆகிவிட்டது. இறங்கும்போது, சனிக்கிழமை பத்து மணிக்கே வந்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து சாவியை எடுக்கும்போதுதான் கவனித்தேன். ஸ்டீரியோ அணைத்தது அணைத்தபடியே இருந்தது. இரண்டு பேருக்குமே அதைப் போடவேண்டும் என்று ஞாபகம் வரவில்லை.