கன்னியம்மாள் சொன்னதாக நான் எழுதியது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கேளம்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எங்கள் ஊராட்சியின் குப்பைக் கொட்டகை. மாதவிடாய் சுகாதார வகுப்பு, முதல் நாள். குப்பை வாங்கி, பிரிக்கும் பெண்கள் ஒன்பது பேர். கொண்டுபோனவை: சார்ட், நாப்கின் பாக்கெட்டுகள், பிஸ்கட். பிஸ்கட் மட்டும் தீர்ந்தது.

"நாள் பூரா இதத்தான் கையால பொறுக்கிகினு கீறோம். சோறே எறங்கல. இத நாங்களே வேற வெச்சிக்கணுமா டீச்சர்?" என்றாள் கன்னியம்மாள். என் வயதுதான் இருக்கும். ஒரே சிரிப்பு.

பயன்படுத்திய நாப்கினைப் பேப்பரில் சுற்றிப் போடச் சொல்லித்தருவதுதான் என் பாடம். அதற்கும் அவளே: "சுத்திப் போட்டா இன்னா பொட்டலம்னு தெரியாது. பிரிச்சிப் பாக்கணும். மேல ஒரு செவப்புக் கோடு போட்டா போதும். உங்க அபார்ட்மெண்டுக்கு நாந்தான் வரேன், பாத்ததில்லியா?"

பார்த்ததில்லை. இரண்டு வருடமாக வருகிறாளாம்.

ஜூலை 9, புதன்

மாவு வாங்க மறந்தேன். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் எழுதினேன்: பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புக் கோடு. 'நமக்கு வரும் கன்னியம்மாள் சொன்னது' என்றும் சேர்த்தேன். பேர் இருந்தால் மனசு இளகும் என்று நினைத்தேன்.

பதில்கள்:
– ஒரு கட்டைவிரல்.
– "மேடம், பசங்க பாக்குற குரூப்."
– "குப்பை எடுக்குறவங்க நமக்கு ரூல்ஸ் போடுறாங்களா?"

மாலைக்குள் அட்மின் என் பதிவை நீக்கிவிட்டார். என் கணவர் "உனக்கு எதுக்கு வம்பு?" என்றதோடு சரி. இரவு மழை.

ஜூலை 11, வெள்ளி

குப்பை வாங்க வேறு பெண்.

"கன்னிமாவா? கொட்டாய்ல போட்டாங்கக்கா. இனிமே முழுநேரமும் பிரிக்கிறதுதான். உங்க அசோசியேஷன்லேர்ந்து போன் போச்சாம்."

ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் நாற்காலி போட்டார். "தண்டனைலாம் இல்ல மேடம். ஆளு மாத்துறது வழக்கம்தான்." தப்பு என்னுடையது என்றேன். "நல்லதுக்குத்தானே பண்ணீங்க, விடுங்க." மேற்கொண்டு என்ன கேட்பது? வேலையை விட்டு எடுக்கவில்லையே.

சாப்பாடு இறங்கவில்லை. அவள் சொன்ன அதே வார்த்தை.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாவது வகுப்பு. எட்டுப் பேர். கன்னியம்மாள் குவியலருகே, முதுகைக் காட்டியபடி. கையுறை கிழிந்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்க பேரப் போட்டிருக்கக் கூடாது."

"உன்கிட்ட சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?" கை நிற்கவில்லை. "தெருவுல போனா நாலு மூஞ்சி பாப்பேன். ஒரு ஊட்ல டீ குடுக்கும். இங்க இன்னா கீது?"

தெரு வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று வாய் வரை வந்தது. யாரிடம் வாங்க?

"அது வராது டீச்சர். நீங்க ஆரம்பிங்க" என்றார்கள் மற்றவர்கள். சார்ட்டை விரித்தேன். துணியை வெயிலில் உலர்த்துவது பற்றி. அவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

குவியல் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது:

"மெள்ள பேசு டீச்சர். வெளில ஆம்பளைங்க கீறாங்க."