‘க’ பொத்தானைக் கிள்ளிய அஞ்சலை அக்கா

அடி கூட்டாளி,

நேற்று ஒரு பழைய மடிக்கணினியைத் திறந்து துடைத்து ஓடவிட்டேன். சூடேறிய தூசியின் வாசம் குப்பென்று அடித்தது. எண்பதுகளில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், நம் எஸ்டேட் மண்டபம் இப்படித்தான் மணக்கும். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. அழுகை வரும் என்று பார்த்தால் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் அஞ்சலை அக்காவை நினைத்துத்தான்.

அப்போது நீ பிரிஞ்சாங் டவுனில் ஓர் ஓட்டலில் தட்டச்சு வேலை செய்தாய். நான் தேயிலை ஆலை ஆபீசில் இருந்தேன். ஓட்டலில் கழித்துப்போட்ட கணினியைக் கேட்டு வாங்கி, நம் ஊர் கோலா தெர்லாவுக்குத் திரும்பும் காய்கறி லோரியில், காலிக் கூடைகளுக்கு நடுவே போர்வை சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். "நம்ம லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்க இதுல தமிழ்ல கடுதாசி எழுதணும்டி" என்றாய். உனக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். இரண்டே நாளில் எனக்கும் பிடித்துவிட்டது.

கடிதம் எழுதும் நிரல் ஒரு பத்திரிகையில் மூன்று பக்கத்துக்கு அச்சாகியிருந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், விருப்பம்போல் மாற்றலாம் என்று எழுதியவரே அடியில் குறிப்பிட்டிருந்தார். அந்தக் குறிப்பை நீ எத்தனை தரம் வாசித்துக் காட்டினாய்! முகம் தெரியாத ஒரு மனிதர் சும்மா கொடுத்திருக்கிறார் என்பதை உன்னால் நம்பவே முடியவில்லை. ஒவ்வொரு வரியாக அடித்து ஏற்றினோம். கட்டம் போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை வரைந்து உள்ளே நுழைத்தோம். பொத்தான்களின் மேலும் அவற்றை எழுதி ஒட்டினோம். திரையில் முதல் ‘அ’ வந்தபோது நீ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மண்டபத்தைத் தர வேண்டியவர் பெரிய கிராணி, எஸ்டேட் ஆபீசின் தலைமை எழுத்தர். "நாலு ஞாயித்துக்கெழம தரேன்லா. அதுக்குள்ள ஒருத்தராச்சும் தானா அடிச்சுக் காட்டணும். இல்லேன்னா பூப்பந்து ஆடுற பசங்களுக்கு விட்டுருவேன்" என்றார்.

முதல் ஞாயிறு வேடிக்கை பார்க்கவே சரியாகிவிட்டது. இரண்டாம் ஞாயிறு அஞ்சலை அக்கா உட்கார்ந்தார். இருபது வருடம் கையால் கொழுந்து கிள்ளியவர். நான் எழுதி ஒட்டியிருந்த செய்முறைத் தாளை வாய்விட்டுப் படித்தார். ‘க’ பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தார். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைப் பிடித்து, வெடுக்கென்று கிள்ளி, தோளுக்கு மேலே பின்னால் வீசினார். முதுகில் கூடை இருந்திருந்தால் சரியாக அதில்தான் விழுந்திருக்கும்.

எல்லாரும் சிரித்தார்கள். நானோ கத்தினேன். "என்னக்கா இது, சாமான ஒடச்சிட்டீங்களே!" அக்கா எழுந்து போனார். அடுத்த ஞாயிறு மண்டபத்துக்கு ஈ காக்கைகூட வரவில்லை.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் என் தாளை எடுத்து நீட்டினாய். "பொத்தான மெதுவா தட்டி விடணும்னு இதுல எங்கடி இருக்கு? நமக்குத் தெரியுங்கறதால விட்டுட்டோம். அவங்க கை அதுக்குத் தெரிஞ்சதச் செஞ்சிச்சு." எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனாய். நான் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். நீ வேறொன்று கேட்டாய். "எங்கெங்க புரியலன்னு நீங்கதான் சொல்லணும். நாங்க மாத்தணும்."

"எனக்கு என்னாம்மா தெரியும்?"

"தெரியாததுதான்க்கா வேணும்."

அக்கா சொல்ல ஆரம்பித்தார் பார், நிறுத்தவே இல்லை! தப்பாக அடித்தால் பீப் என்று கத்துகிறதே, அது கங்காணி அதட்டுவது போல இருக்கிறதாம். கத்தலை எடுத்தாய். ஆங்கிலத்தில் பிழை என்று வந்த இடத்தில் ‘பரவால்ல, இன்னொரு தடவ’ என்று வரவைத்தாய். நான் செய்முறையை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினேன். அந்த வாரம் முழுக்க வேலை விட்டதும் ஓடோடி வந்தோம். பசியே தெரியவில்லை.

நான்காம் ஞாயிறு அக்கா மற்றப் பெண்களையும் கூட்டி வந்திருந்தார். பெரிய கிராணி வந்து நின்றார். வாசலில் பூப்பந்துப் பையன்கள் மட்டையோடு காத்திருந்தார்கள். அக்கா ‘நான்’ என்று அடித்தார். ‘அ’ வந்தது. அதோடு விரல் நின்றுவிட்டது. எனக்கோ உயிர் போகிறது. அடுத்த எழுத்து எங்கே என்று காட்ட என் கை நீண்டது. நீ அதைப் பிடித்து என் தொடைக்கு அடியில் சொருகினாய். "ரெண்டு கை மேலயும் ஒக்காருடி" என்று காதில் சொன்னாய். உட்கார்ந்தேன். அக்கா தவறாக ஒன்றைத் தட்டினார். ‘பரவால்ல’ என்றது திரை. "சரிம்மா" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தேடினார்.

‘நான் அஞ்சலை.’

மண்டபம் அதிர்ந்தது. கிராணி வாய் திறப்பதற்குள் அக்கா பக்கத்தில் இருந்தவளை இழுத்து உட்காரவைத்தார். "வாடி மாரியாயி. கிள்ளாத, தட்டு." பெரிய கிராணி வாசலைப் பார்த்து, "வேற எடம் பாருங்கலா" என்றார். அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட உண்டாகவில்லை.

அந்த நிரலை கேசட் நாடாவில் பதிந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். லெம்பா பெர்த்தாம் ஊர் வரைக்கும் போனது. இப்போது உலகம் முழுக்க இப்படி நிரல்கள் எழுதி, திறந்து வைத்து, சும்மா கொடுக்கிறார்கள். அவற்றின் உதவிப் பக்கங்களை நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் எளிய தமிழில் எழுதுகிறோம். சனிக்கிழமைகளில் கணினிக்குப் புதியவர்களோடு உட்கார்கிறேன்.

போன வாரம் எழுபது வயதுத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். சுட்டி எங்கே போனது என்று தெரியாமல் திரை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குளுருதாம்மா? கையை ரெண்டையும் தொடைக்கு அடியில வச்சிருக்கீங்க."

"இல்லைங்க. ஒருத்தி இப்படி ஒக்காரச் சொல்லியிருக்கா" என்றேன்.