பேப்பரில் கூடிய ஐந்து வயசு

மைனி,

மேல் மலையில் தேயிலைக்குக் கவாத்து வெட்டுகிறார்கள். வெட்டுப்பட்ட பச்சை மரத்தின் வாடை நம் லயத்து வீடுகள் வரைக்கும் வருகிறது. அண்ணன் உன்னைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து நாம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த செடிகள் மொட்டையாக நிற்கின்றன. நம் அப்பன்மார் இந்த மலைக்கு வந்தபோதே இருந்தவை. மூன்று மாதத்தில் மறுபடி துளிர்க்கும். உனக்குத்தான் வயசாகிவிட்டது என்றார்கள்.

பதினோரு வயசில் உன்னைப் பெரியாள் கணக்கில் சேர்க்க, பதினாறு என்று உன் அப்பா சொன்னார். எல்லா வீட்டிலும் செய்ததுதான். உன் ஐம்பத்து மூன்றில் பேப்பர் ஐம்பத்தெட்டு என்றது. ஐம்பத்தெட்டோடு வேலை முடிந்தது என்று பேரை வெட்டினார்கள். எஸ்டேட் ஆபீசில் போய் நின்றோம்.

"ரெக்கார்டில் உள்ளதுதான் அம்மா. நான் எந்து செய்யும்?" என்றார் மலையாளி கிளார்க்.

"அப்ப ரெக்கார்டையே கொழுந்தெடுக்கச் சொல்லும்," என்றாய் நீ.

அடுத்த வருஷம் உனக்கு இருமல் முற்றி, விதுரா வழியாக பஸ் பிடித்துத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரிடம் கேட்டாய்: "மனுசனுக்கு ஏன் டாக்டரே வயசாவுது?"

அவர் பொறுமையாகச் சொன்னார். உடம்பு மிஷின் மாதிரி தேய்கிறது என்கிறார்கள் சிலர். உடம்பின் அணுக்கள் இத்தனை தடவைதான் பிரியும், அப்புறம் நின்றுவிடும் என்கிறார்கள் சிலர். பிள்ளை பெற்று வளர்க்கிற வரைக்கும்தான் உடம்பு தன்னை ரிப்பேர் பார்த்துக்கொள்ளும் என்றும் ஒரு பேச்சு.

"நாலு பெத்தேன். அதோட எனக்கு ரிப்பேர நிப்பாட்டியாச்சா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "உள்ளது சொன்னா, முழுசா யாருக்கும் தெரியாது அம்மா."

"தேயிலைச் செடிக்கு ஏன் வயசாவல?"

"அத வெட்டி வெட்டி விடுறீங்களே."

"எங்களையும் வெட்டத்தான் செஞ்சாவ. துளிர்க்க விடலியே."



எட்டாம் நாள் நீ போய்விட்டாய். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய தாளை வாசித்துக் காட்டச் சொன்னேன். வயசு ஐம்பத்தொன்பது, காரணம் முதுமை என்றார் ஆஸ்பத்திரி ஆபீசில் இருந்தவர். போடமாட்டேன் என்றேன். "அவளுக்கு அம்பத்திநாலு. வயசு ஏன் வருதுன்னே யாருக்கும் தெரியாதாம். அதுதான் கொன்னுதுன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? நெஞ்சுச் சளின்னு எழுதுங்க." கையெழுத்து இல்லாமல் உடம்பைத் தரமுடியாது என்றார்கள். தரையில் உட்கார்ந்தேன். மத்தியானம் அந்த டாக்டர் வந்து, முதுமையை அடித்து, நுரையீரல் நோய் என்று எழுதினார். ஐம்பத்தொன்பதை அவராலும் மாற்ற முடியவில்லை.

அடுத்த மாதம் என் முறை. எனக்குப் பேப்பரில் நாலு வயசு கூடுதல். என் பேரையும் வெட்டுவார்கள். வெட்டட்டும். மறுநாள் காலையில் போய் நிரையில் நிற்பேன். வேண்டுமானால் கையைப் பிடித்து இழுத்து வெளியே விடட்டும். உன் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது, மைனி. யார் கேட்டாலும் எனக்கு ஐம்பத்து நாலுதான்.